தலைவர் குடிக்கவில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது

குடி ஒழிப்பு வாரியத்தின் தலைவர் குடிப்பார் என்பது வாரியத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கோப்பிலும் அது இல்லாததால் ஒருவருக்கும் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவே பதினோரு வருடமாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்தான் தலைவரின் டிரைவர்.

வாரியத்துக்கு மூன்று மாடிக் கட்டடம். முதல் மாடியில் கோப்புகள் இருந்தன. இரண்டாவது மாடியில் அந்தக் கோப்புகளைப் பற்றிய கோப்புகள். மூன்றாவது மாடியில் தலைவரின் அறையும், அதை ஒட்டி 'மாதிரி அறை' என்று ஒன்றும். பறிமுதல் செய்த பாட்டில்களைக் கண்காட்சிக்காக அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். தினமும் மாலை நாலு மணிக்குத் தலைவர் அந்த அறைக்குள் ஆய்வுக்குப் போவார். ஐந்தரைக்கு ஆய்வு முடிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார். காலியான பாட்டில்களில் பியூன் தேயிலைத் தண்ணீரை ஊற்றி மூடிவிடுவார். பொதுமக்கள் அந்தத் தேயிலைத் தண்ணீரைப் பார்த்து வருடா வருடம் பயந்துகொண்டிருந்தார்கள்.

"எதிரி யாருன்னு தெரியாம எப்படிய்யா ஒழிக்கறது?" என்று ஒருநாள் காரின் பின்சீட்டிலிருந்து தலைவர் கேட்டார்.

"தெரிஞ்சுக்கணுங்கய்யா" என்றார் டிரைவர்.

"தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் தூங்கிப் போனார்.

மோசமான மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. டிரைவரின் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் இழுத்தடித்தபோது, பதவியை வெளியே சொல்லாமல், வெயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று விண்ணப்பம் வாங்கி வந்தவர் அவர். "நான் வரிசையில நின்னு எவ்வளவு காலமாச்சு தெரியுமா? நல்லா இருந்துச்சுய்யா" என்று அன்று குழந்தை மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தார். அன்றைக்கு ஆய்வுக்குக்கூடப் போகவில்லை.

வாரியத்தில் காலை ஒன்பதரைக்கு எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும். அது போக விதிகளும் உண்டு. பதினாலாவது விதிப்படி, ஊழியர் ஒருவர் குடித்தால் அதைக் கண்ணால் பார்த்த இருவர் எழுத்தில் புகார் தர வேண்டும். பதினைந்தாவது விதிப்படி, யாராவது குடிக்கும் இடத்தில் நின்ற ஊழியருக்கு உடனே வேலை போய்விடும். இரண்டையும் சேர்த்துப் படித்தால், வாரியத்தில் இதுவரை ஒருவர்கூட ஏன் மாட்டவில்லை என்பது விளங்கும். ஆண்டறிக்கையில் அதை 'நூறு விழுக்காடு வெற்றி' என்று போட்டிருந்தார்கள்.

அந்த வருடம் விழிப்புணர்வு வாரம் பத்து நாள் நடந்தது.

தலைவரின் மனைவி மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். வீட்டில் கேட்க ஆள் இல்லை. தினமும் மூன்று கூட்டம், மூன்று பேச்சு. ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஓர் ஆய்வு, பின்னால் ஓர் ஆய்வு. அலுவலக அறை தூரமாக இருந்ததால் மாதிரிகள் காரிலேயே வந்தன. டிரைவர் தன் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸில் சாப்பாடு கொண்டுவந்து வைப்பார். அது வைத்தபடியே திரும்பிப் போகும்.

"ஒரு வாயாவது சாப்பிடுங்கய்யா."

"வயித்துல இடமில்லய்யா. நீ சாப்பிடு."

எட்டாம் நாள் சாயங்காலம் தலைவருக்கு வாந்தி ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் தண்ணீர் குடித்தாலும் அப்படியே திரும்பி வந்தது. மாதிரியையும் தொட முடியவில்லை. "ஆய்வு போதும்" என்று அவர் வாயாலேயே சொன்னதைக் கேட்டு டிரைவருக்குப் பகீரென்றது. டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிப் பார்த்தார். தலைவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

பத்தாம் நாள் காலை எட்டு மணிக்கு டிரைவர் போய்க் கதவைத் தட்டினார். தலைவர் குளியலறை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு மாடி ஏறி வந்தவர் போல மூச்சு வாங்கியது. அருகில் போனதும் ஒரு வாடை வந்தது. சாராய வாடை டிரைவருக்கு நன்றாகவே பழக்கம், இது வேறு. மகள் நகப்பூச்சை அழிக்கும்போது வீட்டில் அடிக்குமே, அந்த இனிப்பு கலந்த வாடை.

"ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"நிறைவு விழாய்யா… அமைச்சர் வர்றாரு… மேடையில விட்டுடு."

"மேடையில விழுந்துட்டா?"

"விழுந்தாலும்… மேடையிலதான் விழணும்."

மேடையில்தான் விழுந்தார். அதற்கு முன்னால் பேசவும் செய்தார்.

"பெரியோர்களே… குடி… ஒரு மனுஷனை…" என்று சொல்லி நிறுத்தி, ஆழமாக மூச்சை இழுத்தார். "உள்ளேருந்து…" மறுபடி மூச்சு. "தின்னுடும்…" இத்தனை உருக்கமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்குவதற்குள் தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். கைதட்டல் இரண்டு மடங்காயிற்று.

துணைத் தலைவர் எழுந்தார். ஆறு வருடமாகத் துணையாகவே இருந்து அலுத்துப்போனவர். செய்தித் தொடர்பு அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். அந்த அதிகாரி நடந்ததைச் செய்தியாக்குவதைவிட, செய்தியை நடந்ததாக்குவதில் கைதேர்ந்தவர். மைக்கைப் பிடித்தார்.

"சொல்லக் கூடாதுன்னு தலைவர் சத்தியம் வாங்கியிருந்தார். மன்னிக்கணும், சொல்லிடறேன். இந்தப் பத்து நாளும் தலைவர் சாப்பிடவே இல்ல! குடியை எதிர்த்து யாருக்கும் தெரியாம உண்ணாவிரதம் இருந்திருக்கார்!"

அரங்கமே எழுந்து நின்றது. சாப்பிடாதது உண்மைதானே என்று டிரைவர் ஒரு கணம் குழம்பித்தான் போனார். பிறகு தலைவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு காருக்கு ஓடினார். பின்னால் ஒலிபெருக்கியில் துணைத் தலைவரின் குரல் கேட்டது: "தலைவர் இல்லாவிட்டாலும் இந்த வாரியம் ஒருநாள்கூட நிற்காது என்பதை இன்றைக்கே நிரூபிக்க நான் தயார்!"

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயசு, தூக்கமில்லாத கண், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. சலைனை ஏற்றச் சொல்லிவிட்டு ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் புருவத்தைச் சுருக்கினார்.

"ரத்தத்துல அமிலம் ஏறிக்கிடக்கு. சர்க்கரை நோயாளின்னா சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கணும். இவருக்கு அம்பத்தெட்டு. இருக்க வேண்டிய அளவுகூட இல்ல. இவர் குடிப்பாரா?"

அதற்குள் துணைத் தலைவரும் செய்தித் தொடர்பு அதிகாரியும் இன்னும் இரண்டு வாரிய உறுப்பினர்களும் கட்டிலைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள்.

"யாரைப் பாத்து என்ன கேக்கறீங்க?" என்றார் துணைத் தலைவர். "இருமல் மருந்தைக்கூட மோந்து பாத்துட்டுத் திருப்பிக் குடுக்கறவர் அவர்."

டாக்டரம்மா தலைவரிடமே குனிந்து கேட்டார். "ஐயா, நீங்க சொல்லுங்க. குடிச்சீங்களா?"

தலைவர் கண்ணைத் திறந்தார். தலைமாட்டில் நான்கு பேர் கைகட்டி நின்றார்கள். "இல்ல" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ரத்தத்துலயும் மது இல்ல" என்றார் டாக்டரம்மா, தனக்குத்தானே.

"பாத்தீங்களா! விஞ்ஞானமே சொல்லிடுச்சு" என்றார் செய்தித் தொடர்பு அதிகாரி.

பெரிய அறுவை மருத்துவர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தலைவர் முனகினார். "எதுக்கும் திறந்து பாத்துடலாமே" என்று, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு, ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லப் போனார்.

டாக்டரம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. வெளியே வந்து நால்வரிடமும் சொன்னார்: "குடிக்கறவர்னா இது ஒரு வியாதி. வைத்தியம் சுலபம். குடிக்காதவர்னா விஷமா, குடல்ல ஓட்டையான்னு நான் தேடணும். அதுக்குள்ள மூச்சு நின்னு போகலாம். யாராவது உண்மையைச் சொல்லுங்க. ஒரே வார்த்தை போதும்."

ஒரே வார்த்தையை முடிவு செய்ய வாரியம் அங்கேயே, நடைபாதை பெஞ்சில், அவசரக் கூட்டம் போட்டது. கூட்டம் செல்லுபடியாக ஐந்து பேர் வேண்டும். நான்கு பேர்தான் இருந்தார்கள். துணைத் தலைவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"ஐயா, இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்று உள்ளிருந்து மூச்சோடு மூச்சாக வந்தது.

"தலைவர் இருக்கிறார். ஐந்து பேர். தொடங்கலாம்."

முக்கால் மணி நேரம் பேசினார்கள். தலைவர் குடித்தார் என்று சொன்னால் பத்து நாள் உண்ணாவிரதம் என்னாவது என்று ஒருவர் கேட்டார். வாரியத்தின் மானமா தலைவரின் உயிரா என்று இன்னொருவர் கேட்டார். "உயிர் ஒருத்தரோடது. மானம் நாம எல்லாரோடதும். பெரும்பான்மைன்னு பாத்தா…" என்று துணைத் தலைவர் விளக்கினார். கடைசியில் தலைவர் குடிக்கவில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர் துணைத் தலைவர். தட்டச்சு செய்யக் காகிதம் இல்லாததால் எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் எழுதி, நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள்.

டிரைவர் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி மனைவிக்குப் போன் செய்தார். அவள் ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். போனில் முதலில் மெஷின்களின் இரைச்சல்தான் கேட்டது. நடந்ததைச் சொன்னார்.

"சொன்னா வேலை போயிடும்டி. பதினஞ்சாவது விதி."

"சொல்லாட்டி?"

"அவரு போயிடுவாரு."

"ஏங்க, நம்ம பொண்ணுக்காக வெயில்ல நின்னாரே அந்த மனுஷன், எந்த விதியைப் பாத்துங்க நின்னாரு?" மெஷின் சத்தம் இன்னும் கூடியது. "எனக்கு முப்பது காலர் பாக்கி கிடக்கு. நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. வேலை போனா சட்டைக்குப் பட்டன் வைக்கலாம், ஆள் எடுக்கறாங்க." வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். டிரைவர் வாசலிலேயே நின்றார்.

"டாக்டரம்மா… எங்க ஆபீஸ்ல ஆய்வுன்னா குடிக்கறதுன்னு அர்த்தம்."

டாக்டரம்மா குழாயை மூடினார். "எத்தனை நாள் ஆய்வு?"

டிரைவருக்கு வேறு எது தெரியாவிட்டாலும் நேரமும் தூரமும் தெரியும். "வருஷக் கணக்கா உண்டு. இந்தத் தடவை எட்டு நாள் விடாம. காலையில எட்டரைக்கு ஆரம்பிச்சா ராத்திரி வீட்ல விடற வரைக்கும். சாப்பாடு எட்டு நாளும் கிடையாது, டப்பா அப்படியே திரும்பிடும். எட்டாம் நாள் சாயங்காலம் அஞ்சே காலுக்கு முதல் வாந்தி. அதுக்கப்புறம் ஒரு சொட்டு குடிக்கல. ஒண்ணரை நாளுக்கு மேல ஆச்சு."

"அதான் ரத்தத்துல இல்ல" என்றார் டாக்டரம்மா. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "வெறும் வயித்துல குடிச்சுக்கிட்டே இருந்தா உடம்புல சர்க்கரை தீர்ந்துடும். அடுப்பெரிக்க வேற ஒண்ணும் இல்லாம கொழுப்பை எரிக்கும். எரிச்ச கழிவெல்லாம் அமிலமா ரத்தத்துல தங்கிடும். அந்த அமிலத்தை வெளிய தள்ளத்தான் இந்த மூச்சு." நர்ஸைக் கூப்பிட்டார். "முதல்ல பி-ஒன் வைட்டமின் ஊசி. அப்புறமா குளுக்கோஸ். வரிசை மாறக் கூடாது, மாறினா மூளைக்கு ஆகாது. தியேட்டருக்குச் சொல்லிடுங்க, கத்தி வேண்டாம்."

"அவ்வளவுதானா டாக்டரம்மா?"

"அவ்வளவேதான். சர்க்கரைத் தண்ணியும் உப்புத் தண்ணியும்."

நாலு மணிக்குத் தலைவரின் மூச்சு நிதானத்துக்கு வந்தது. ராத்திரி முழுக்க அவருக்குக் கை நடுங்கியது, அதற்கும் மருந்து கொடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றார். டிரைவர் ஓடிப்போய் ரொட்டி வாங்கிவந்தார். தலைவர் நனைத்து நனைத்து நாலு துண்டு தின்றார். டாக்டரம்மா அவர் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு தடவை இப்படி வந்தால் தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்றும், நாற்பத்திரண்டாம் நம்பர் வார்டில் குடியை விடுவதற்கு வைத்தியம் உண்டு என்றும், அங்கே வெட்கப்பட வேண்டியதில்லை என்றும் சொன்னார். தலைவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விழிப்புணர்வுப் பேச்சை முழுதும் கேட்டார். மூன்று வாரம் அந்த வார்டிலேயே இருந்தார். மகளின் பிரசவம் முடிந்து வந்த மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

இதற்கிடையில் டிரைவருக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்திருந்தது. இரண்டு குற்றங்கள். ஒன்று, தலைவர் குடித்தார் என்று பொய் சொன்னது. இரண்டு, தலைவர் குடிக்கும்போது உடனிருந்தது.

விசாரணை மூன்றாவது மாடியில் நடந்தது.

"ரெண்டும் எப்படிங்கய்யா ஒண்ணா குற்றமாகும்?" என்று டிரைவர் கேட்டார். "அவர் குடிக்கலைன்னா நான் கூட இருந்திருக்க முடியாதே?"

"வாரியம் யார் பக்கமும் சாயாது" என்றார் துணைத் தலைவர். "நீ சொன்னது பொய்யின்னா பொய் சொன்னதுக்குத் தண்டனை. நெசம்னா நெசத்தைப் பாத்ததுக்குத் தண்டனை. எது நடந்திருந்தாலும் நியாயம் கிடைக்கணும் இல்லையா?"

கதவு திறந்தது. தலைவர் வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. கண் மட்டும் தெளிவாக இருந்தது. யாரும் சொல்லாமலே ஒரு நாற்காலியை இழுத்து டிரைவரின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இவன் சொன்னது நெசம். நான் குடிச்சேன். எட்டு நாள். அதுக்கு முன்னாடி பதினாலு வருஷம்."

விசாரணைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த கண்காணிப்பாளரின் பேனா அந்தரத்தில் நின்றது.

"தலைவர் உருவகமா சொல்றார்" என்றார் செய்தித் தொடர்பு அதிகாரி.

"உருவகமில்லய்யா. பாட்டில்."

"பணிச்சுமையைக் குடிச்சார், வேதனையைக் குடிச்சார்னு போட்டுக்கலாமா?"

"சாராயத்தைக் குடிச்சேன்னு போடுய்யா."

துணைத் தலைவர் தொண்டையைச் செருமினார். குரலில் நிஜமான மரியாதை இருந்தது. "ஐயா, நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில நாம தீர்மானம் போட்டிருக்கோம். ஏகமனதா. நீங்களும் அந்தக் கூட்டத்துல இருந்திருக்கீங்க. தீர்மானத்தை மீறி நீங்க குடிச்சிருக்க முடியாது."

"நான்தானேய்யா குடிச்சேன்?"

"அது உங்க சொந்த அபிப்பிராயம், ஐயா. வாரியத்தோட கருத்து வேற."

தலைவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தலைவரைப் பார்த்தார். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். 'விசாரணையில் இருவர் சிரித்தனர்' என்று கண்காணிப்பாளர் எழுதிக்கொண்டார்.

தலைவருக்கு, உண்ணாவிரதத்தால் நலிந்த உடல்நிலையைக் கருதி, பாராட்டுப் பத்திரத்தோடு ஓய்வு கொடுத்தார்கள். துணைத் தலைவர் தலைவரானார். டிரைவரின் வேலை போகவில்லை. பதினைந்தாவது விதிப்படி போக வேண்டுமானால் தலைவர் குடித்ததாக எழுத வேண்டியிருந்தது. அதனால் பொய் சொன்ன குற்றத்துக்கு மட்டும் அவரைக் கண்காட்சி வேனுக்கு மாற்றினார்கள். தேயிலைத் தண்ணீர் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு சந்தை, பஸ் நிலையம், ரயிலடி என்று தினமும் ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். ஒலிநாடா பேசும். வந்து பார்த்த பொதுமக்கள் எத்தனை பேர் என்று சாயங்காலம் படிவத்தில் எழுத வேண்டும். நானூறுக்குக் குறையாமல் எழுதச் சொல்லி வாய்மொழி உத்தரவு. ஆறோ ஏழோ பேர் நிழலுக்கு ஒதுங்குவார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், சந்தை முனையில் வேன் நின்றிருந்தபோது பழைய தலைவர் கையில் காய்கறிப் பையோடு வந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ஒலிநாடாவில் தன் பழைய குரல் முழங்குவதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இதை நிறுத்துய்யா. காது வலிக்குது."

டிரைவர் நிறுத்தினார். நிழலில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர், சத்தம் நின்றதால் நிமிர்ந்து பார்த்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், கத்தரிக்கோல் சாணை பிடிக்கும் ஒருவர், ஒரு கொத்தனார். பழைய தலைவர் பையைக் கீழே வைத்தார். மேடை இல்லை, மைக் இல்லை, கையை எங்கே வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"அது என் குரல்தாங்க. பேசினப்போ எல்லாம் நான் குடிச்சிருந்தேன்" என்றார். "சாப்பிடாம குடிச்சேன். ரத்தம் கெட்டுப்போய் மூச்சு முட்டிச்சு. செத்திருப்பேன். இந்த டிரைவர் போய் டாக்டர்கிட்ட உள்ளதைச் சொன்னார், பிழைச்சுக்கிட்டேன். இப்ப எண்பத்தொரு நாளா குடிக்கல. தினமும் கஷ்டமாத்தான் இருக்கு. அவ்வளவுதான்."

அவர் பேசியதிலேயே மிகச் சின்னப் பேச்சு அது. ஒருவரும் கைதட்டவில்லை. பழைய தலைவர் கூச்சத்தோடு பையை எடுத்துக்கொண்டார்.

கொத்தனார் எழுந்து பக்கத்தில் வந்தார். சிமெண்ட் காய்ந்த விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. சுற்றிலும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

"ஐயா, அந்த டாக்டரு… எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு?"

பழைய தலைவர் காய்கறிப் பையை மறுபடி கீழே வைத்தார். பதினோரு வருடமாக ஆயிரம் கூட்டத்தில் பேசியிருக்கிறார். ஒருவரும் அவரிடம் வழி கேட்டதில்லை.

டிரைவர் பாட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு முன்சீட்டில் இரண்டு பேருக்கு இடம் பண்ணினார். "ஏறுங்கண்ணே" என்றார். "இருபது நிமிஷம். நானே விட்டுடறேன்."